ஆறு ஊர்களில் அலுவலகம், ஒரே உறுப்பினர் பட்டியல்: எந்தத் தரவுத்தளம் பொருந்தும்?

கேள்வி சுருக்கமாக இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தலைமை அலுவலகமும், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா, லாடியம், கேப் டவுன், போர்ட் எலிசபெத் ஆகிய ஊர்களில் கிளைகளும் கொண்ட ஒரு தமிழ்ச் சங்கம். உறுப்பினர் பட்டியல், சந்தா, நன்கொடை ரசீது, தமிழ் வகுப்பு மாணவர் பதிவு, ஈமச்சடங்கு உதவித்தொகை எல்லாம் கிளைக்கொரு விதமாக எக்செல், ஆக்சஸ் கோப்புகளில் கிடக்கின்றன. இவற்றை ஒரே தரவுத்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றில் எது நல்லது? ஒவ்வொரு கிளையிலும் ஒரு சர்வர் வைத்து, அவை தமக்குள் நகலாக்கம் செய்துகொள்ளும்படி அமைக்கலாமா?

முதல் கேள்விக்கு என் பதில் போஸ்ட்கிரெஸ். இரண்டாவதற்கு, வேண்டாம். இவற்றில் இரண்டாவது பதில்தான் உங்கள் பணத்தையும் தூக்கத்தையும் காப்பாற்றும். முதல் பதிலில் நீங்கள் என்னோடு மாறுபட்டு மைஎஸ்க்யூஎல்லையோ அதன் உறவான மரியாடிபியையோ தேர்ந்தெடுத்தாலும் பெரிய நட்டம் ஒன்றும் வந்துவிடாது.

முதலில் அளவைப் பற்றிய பயத்தைப் போக்கிவிடுவோம். 25,000 குடும்பங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் விவரத்துக்கு 2 கிலோபைட் என்றால் மொத்தம் 50 மெகாபைட். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரசீதுகள், ஒன்றுக்கு 300 பைட் என்றால் 30 மெகாபைட். பத்து ஆண்டுக் கணக்கும் ஒரு சாதாரணக் கைபேசிக்குள் அடங்கிவிடும். ஆகவே, பல நாடுகளில் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்காக உருவான, பல கணினிகளில் பிரிந்து இயங்கும் பரவல் தரவுத்தளங்களை யாராவது உங்களிடம் விற்க வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவை நல்ல கருவிகள்தாம். உங்களிடம் இல்லாத ஒரு நோய்க்கான மருந்து, அவ்வளவே.

உங்கள் உண்மையான சிக்கல் அளவு அல்ல, இணைப்பு. ஒரே பதிவை இரண்டு ஊர்களில் மாற்ற முடியும், நடுவில் உள்ள கம்பி அறுந்துபோகும் என்றால் என்ன செய்வது? எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் ஒரு கருதுகோளாக முன்வைத்ததை கில்பர்ட், லிஞ்ச் ஆகிய இருவரும் 2002இல் நிறுவிக் காட்டினார்கள். கம்பி அறுந்திருக்கும் நேரத்தில் ஓர் அமைப்பு இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். ஒன்று, மாற்றத்தை ஏற்க மறுக்கலாம். அல்லது, ஏற்றுக்கொண்டு இரு ஊர்களிலும் இரு வேறு உண்மைகள் இருக்கும்படி விடலாம். எந்த நிறுவனத்தின் மென்பொருளும் இதிலிருந்து தப்ப முடியாது. கிளைக்கொரு சர்வர் வைத்து எல்லாவற்றிலும் எழுதலாம் என்று அமைப்பது இரண்டாவது வழியை எல்லாப் பதிவுகளுக்கும் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம்.

அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த ஒரு பாட்டி லெனேசியாவில் உள்ள மகன் வீட்டுக்குப் போய்விட்டார். லெனேசியா கிளை முகவரியை மாற்றுகிறது. அன்றே பழைய கிளை அவருடைய தொலைபேசி எண்ணைத் திருத்துகிறது. இணைப்பு திரும்பியதும் இரண்டில் எது வெல்லும்? கடைசியில் எழுதியது வெல்லும் என்று வைத்தால் ஒரு திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும். முகவரி என்றால் பிறகு கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். அதே பாட்டி இறந்தபின் மகன் லெனேசியாவிலும், மகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஈமச்சடங்கு உதவிக்கு விண்ணப்பித்து, இரு கிளைகளும் பணத்தைக் கொடுத்துவிட்டால்? துக்க வீட்டுக்குப் போய் அதைத் திருப்பிக் கேட்கும் துணிவு எந்தச் செயலாளருக்கும் இருக்காது.

அதனால் தரவுத்தளத்தின் பெயரைப் பேசுவதற்கு முன் செயற்குழு உட்கார்ந்து, ஒவ்வொரு வகைப் பதிவையும் எடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இணைப்பு இல்லாதபோது கிளை இதை எழுதலாமா, கூடாதா? இது கணினி ஆள் முடிவு செய்யும் விஷயம் அல்ல, சங்கம் முடிவு செய்ய வேண்டியது.

என்னைக் கேட்டால் இப்படிப் பிரிப்பேன். நன்கொடை ரசீது புதிதாகச் சேரும் பதிவு; எழுதியபின் யாரும் திருத்தக் கூடாது. தவறாகப் போட்டுவிட்டால் அழிக்காமல், அதை ரத்து செய்யும் இன்னொரு பதிவைப் போட வேண்டும். ஆகவே இணைப்பு இல்லாமலே கிளை ரசீது எழுதலாம். ஒரே சிக்கல் எண். உங்கள் சங்கத்துக்கு, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்கீழ் அங்கீகாரம் இருந்தால், 2023 மார்ச் 1 முதல் அந்த ரசீதில் தனித்த ரசீது எண், கொடையாளரின் அடையாள எண் போன்ற கூடுதல் விவரங்கள் இருந்தாக வேண்டும். எண்ணை டர்பன்தான் தர வேண்டும் என்று வைத்தால், கம்பி அறுந்த நாளில் கேப் டவுன் காவடித் திருவிழாவில் ஒருவரும் ரசீது வாங்க முடியாது. கிளைக் குறியீட்டையும் அந்தக் கிளையின் வரிசை எண்ணையும் சேர்த்துவிடுங்கள். கேப் டவுனின் 412ஆம் ரசீதும் லாடியத்தின் 412ஆம் ரசீதும் மோதாது. ஒரே கிளையில் இரண்டு மேசைகளில் ரசீது போடுவீர்கள் என்றால் மேசைக்கும் ஓர் எழுத்து வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

சந்தாவும் இதே போலத்தான். 'பாக்கி 150 ராண்ட்' என்று ஒரு கட்டத்தில் எழுதி, அதை அடித்து அடித்து மாற்றுவதுதான் எக்செல் நம்மிடம் விட்டுச்சென்ற கெட்ட பழக்கம். வரவுகளையும் பற்றுகளையும் வரிவரியாகச் சேமியுங்கள். பாக்கியைக் கணினி கூட்டிச் சொல்லட்டும். அப்போது இரு கிளைகளில் இரண்டு தவணை கட்டப்பட்டாலும் இரண்டும் கணக்கில் நிற்கும். வகுப்பு வருகைப் பதிவையும் கிளையிலேயே எழுதலாம். ஒரு வகுப்பை ஒரு கிளைதான் நடத்துகிறது என்பதால் மோதலுக்கே இடமில்லை. முகவரியும் தொலைபேசியும் கடைசியில் எழுதியது நிற்கும்படி இருக்கலாம். ஆனால் கட்டம் கட்டமாக, முழுப் பதிவையும் மேலெழுதாமல். பழைய மதிப்பும் ஒரு வரலாற்று அட்டவணையில் தங்க வேண்டும்.

ஈமச்சடங்கு உதவி மட்டும் மையத்தில் ஒப்புதல் பெறாமல் கொடுக்கப்படக் கூடாது. இணைப்பு இல்லையென்றால் டர்பனில் பொறுப்பில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், அவர் பதிவிட வேண்டும். அதுவும் முடியவில்லை என்றால், குடும்பத்தைக் காத்திருக்க வைப்பதும் சரியல்ல. சடங்கு மின்சாரத்துக்காக நிற்காது. ஒரு சிறு பகுதியைக் கிளைத் தலைவர் தம் கையெழுத்தில் உடனே கொடுக்கலாம், மீதி மையம் சரிபார்த்தபின் என்று விதியில் எழுதிவிடுங்கள். இரட்டைக் கொடுப்பு நடந்தாலும் இழப்பு அந்தச் சிறு பகுதியோடு நிற்கும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், கிளைகளில் முழுத் தரவுத்தளம் தேவையே இல்லை என்பது தெரியும். கிளைக்குத் தேவை ஒரு வரிசை மட்டுமே: இணைப்பு இல்லாதபோது எழுதப்பட்ட ரசீதுகளும் வருகைப் பதிவுகளும் அந்த மடிக்கணினியில் காத்திருக்க வேண்டும், இணைப்பு வந்ததும் மையத்துக்குப் போக வேண்டும். இதற்கு உலாவியின் உள்சேமிப்பே போதும். கொஞ்சம் உறுதியாக வேண்டுமென்றால், சர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் இயங்கும் சிறு தரவுத்தளமான எஸ்க்யூலைட் கோப்பு ஒன்று. கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுதான். ரசீதை அனுப்பினோம், பதில் வருவதற்குள் மின்சாரம் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததா இல்லையா? தெரியாது, மறுபடி அனுப்ப வேண்டும். அப்போது ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகாமல் இருக்க, ஒவ்வொரு பதிவுக்கும் கிளையிலேயே உலகில் வேறெங்கும் வராத ஓர் அடையாள எண், அதாவது யூயூஐடி, இடப்பட வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் மையம் பேசாமல் தள்ளிவிடும். உங்களுக்கு மென்பொருள் எழுதித் தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். அவர் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மைய சர்வரை எங்கே வைப்பது? தலைமை அலுவலகத்தில் வேண்டாம். டர்பன்காரர்களுக்குக் காரணத்தை விளக்கத் தேவையில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் எத்தனை கட்டடங்கள் எரிந்தன, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எவ்வளவு அடித்துச் செல்லப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்த ஊர் அது. ஓர் ஆண்டுக்குள் நெருப்பும் நீரும் வந்துபோன நகரத்தில், மேசைக்கடியில் இருக்கும் ஒற்றைப் பெட்டியை நம்பி ஐம்பது ஆண்டு உறுப்பினர் பட்டியலை வைக்கக் கூடாது. லோட் ஷெட்டிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு வேறு. 2022, 2023 ஆண்டுகளில் அதன் கடுமையான ஆறாம் கட்டம் வந்தபோது ஒரு நாளில் பலமுறை மின்சாரம் போனது, யு.பி.எஸ். மின்கலத்துக்கு மறுபடி நிரம்ப நேரமே கிடைக்கவில்லை. கைபேசிக் கோபுரங்களும் அதே காரணத்தால் அணைந்தன. 2024 மார்ச் முதல் நிலைமை பெரிதும் தேறிவிட்டது உண்மைதான். ஆனால் பத்தாண்டுக்கான ஏற்பாட்டை ஒரு நல்ல ஆண்டை வைத்துத் திட்டமிட வேண்டாம்.

வெளிநாட்டிலும் வேண்டாம். 2024 மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கடலில், அபிஜான் அருகே, வாக்ஸ், சாட்-3 உள்ளிட்ட நான்கு கடலடிக் கம்பிகள் ஒரே நாளில் அறுந்தன. அதன் தடுமாற்றம் தென்னாப்பிரிக்காவிலும் தெரிந்தது. இன்று நாட்டுக்குள்ளேயே வசதி இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2019இல் ஜோஹன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும், அமேசான் 2020இல் கேப் டவுனிலும், கூகுள் 2024இல் ஜோஹன்னஸ்பர்க்கிலும் தரவு மையங்களைத் திறந்துவிட்டன. உள்ளூர் நிறுவனங்களும் உண்டு. அவர்களிடம் ராண்டில் விலை பேசலாம் என்பது சிறிய விஷயமல்ல. டாலர் விலையை அடிப்படையாகக் கொண்ட மாதக் கட்டணம் ராண்ட் சரியும்போதெல்லாம் ஏறும், அதைப் பொதுக்குழுவில் விளக்குவது பொருளாளருக்குத் தலைவலி.

தூரமும் கணக்கில் வரும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஜோஹன்னஸ்பர்க்குக்கும் கேப் டவுனுக்கும் இடையே 1,400 கிலோமீட்டர். போய்வர எப்படியும் 14 மில்லிநொடி, நடைமுறையில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா என்றால் 150 அளவில் ஆகும். ஒரு திரையைக் காட்ட நூறு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரவுத்தளத்திடம் கேட்கும் பழைய நிரல் என்றால், உள்நாட்டில் இரண்டு நொடி, ஐரோப்பாவில் பதினைந்து நொடி. இதே காரணத்தால்தான் கிளையில் உள்ள ஆக்சஸ் திரையைத் தூரத்துத் தரவுத்தளத்தோடு நேரே பிணைப்பது தோற்றுப்போகிறது. நிரலும் தரவுத்தளமும் ஒரே மையத்தில் அருகருகே இருக்கட்டும். கிளைக்கு உலாவி வழியே பக்கம் மட்டும் போகட்டும். ஆக்சஸ் கோப்பையே பகிர்வுக் கோப்புறையில் வைத்து ஆறு ஊர்களிலிருந்தும் திறப்பது இன்னும் மோசம். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு துண்டித்தால் கோப்பே கெடும். 2 ஜிகாபைட் வரம்பும் உண்டு.

இனி பெயர்களுக்கு வருகிறேன். போஸ்ட்கிரெஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. தவறுதலாக அழித்ததை மீட்க, நேற்று பிற்பகல் 3 மணி 10 நிமிடத்தில் இருந்த நிலைக்குத் தரவுத்தளத்தைத் திருப்பும் வசதி அதில் உண்டு. 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து, ஒரே அட்டவணையில் யார் எந்த வரிகளைப் பார்க்கலாம் என்று தரவுத்தளத்திலேயே விதி எழுதலாம். லாடியம் கிளை தன் உறுப்பினரை மட்டும் பார்க்கும். நிரலில் பிழை இருந்தாலும் மற்ற கிளையின் பட்டியல் கசியாது. பல கிளை கொண்ட அமைப்புக்கு இந்த ஒன்றுக்காகவே நான் அதைப் பரிந்துரைப்பேன். மைஎஸ்க்யூஎல்லும் அதிலிருந்து 2009இல் பிரிந்த மரியாடிபியும் தாழ்ந்தவை அல்ல. உங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு அவை கைவந்தவை என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் 2022 வரையிலான வெளியீடுகளில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிகாபைட் வரம்பு. உங்களுக்கு அது போதும். ஆனால் பின்னாளில் கட்டணப் பதிப்புக்குப் போக நேர்ந்தால் விலை கடிக்கும். ஆரக்கிள் பற்றிப் பேச வேண்டியதில்லை. அட்டவணைகளாக அன்றி ஆவணங்களாகச் சேமிக்கும் மோங்கோடிபி வேண்டாம், உறுப்பினர், குடும்பம், சந்தா, ரசீது எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்த அட்டவணைகள், அவற்றை அப்படியே வைப்பதுதான் முறை.

இந்த நாட்டுத் தரவுக்கென்று சில கண்ணிவெடிகள் இருக்கின்றன. அரசு தரும் அடையாள எண் 13 இலக்கம்; அதை எண்ணாகச் சேமிக்கக் கூடாது, எழுத்தாகச் சேமியுங்கள். 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் சுழியத்தில் தொடங்கும், எக்செல் அதை விழுங்கிவிடும். பிரிட்டோரியாவின் அஞ்சல் குறியீடு 0001 வெறும் 1 ஆகிவிடுவதும், கைபேசி எண்ணின் முதல் சுழியம் காணாமல் போவதும் இதே நோய்தான். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவற்றை உள்ளிடும்போதே பிடித்துவிடலாம். ஆனால் எண்ணின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இருக்கிறது. நூறு வயதைத் தொட்ட மூத்த உறுப்பினர்கள் இருக்கும் சங்கத்தில் பிறந்த தேதிக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

பெயர்கள் இன்னும் வேடிக்கை. 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பல் கப்பலாக ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் பெயர்களை எழுதிய எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். அதனால் ஒரே குடும்பத்தின் கிளைகளே ஆங்கிலத்தில் மூட்லி என்றும் முடலி என்றும் வெவ்வேறு எழுத்துக்கூட்டில் வழங்குகின்றன. ஆறு ஊர்களின் பட்டியலை ஒன்றாக்கும்போது ஒரே ஆள் மூன்று முறை வருவார். சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீட்டு முறை இந்த வடிவங்களை ஒன்றாக்கிக் காட்டும். போஸ்ட்கிரெஸில் அது கூடுதல் தொகுதியாக இருக்கிறது. ஆனால் அதை நம்பிக் கணினியே பதிவுகளை இணைத்துவிட விடக் கூடாது. நாயுடுவுக்கும் குஜராத்திப் பெயரான நாத்தூவுக்கும் அது ஒரே குறியீட்டைத்தான் தரும். கணினி பட்டியல் காட்டட்டும், ஊரை அறிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் அமர்ந்து 'இவர் வேறு, அவர் வேறு' என்று சொல்லட்டும். இந்த வேலைக்குத்தான் நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும். வம்சாவளி தேடுவோர் பெருகிவருவதால், முன்னோரின் கப்பல் பட்டியல் எண்ணுக்கும் ஒரு கட்டம் விட்டுவைக்கலாம், கட்டாயமாக்க வேண்டாம்.

தமிழ் எழுத்தில் பெயர் வைப்பதாக இருந்தால் யூனிகோடு போதும், மைஎஸ்க்யூஎல்லில் பழைய யுடிஎஃப்8 அமைப்பை விட்டு யுடிஎஃப்8எம்பி4 அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல்களை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அகரவரிசைக்கு, மொழிவாரி வரிசை விதிகளைத் தரும் ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசையைக் கேட்டுப் பெறுங்கள். யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து வந்து நிற்கும். தமிழாசிரியர் பார்த்தால் கோபித்துக்கொள்வார்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். போப்பியா எனப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்பற்றுவது 2021 ஜூலை 1 முதல் கட்டாயம். மத நம்பிக்கை, இனம், உடல்நலம் ஆகியவை அதில் சிறப்புத் தகவல்கள். குழந்தைகளின் தகவலுக்குத் தனி விதிகள். உங்களிடம் இவை எல்லாமே இருக்கின்றன. தரவை வைத்திருக்கும் நிறுவனத்தோடு எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். கசிவு ஏற்பட்டால் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். தண்டம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். வெளிநாட்டுக்குத் தகவலை அனுப்புவதற்கும் நிபந்தனைகள் உள்ளன, உள்நாட்டு மையத்தை நான் வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். நடைமுறையில் முதலில் செய்ய வேண்டியது, கிளைக்கு ஒரு கடவுச்சொல் என்ற வழக்கத்தை நிறுத்துவது. ஒவ்வொரு தொண்டருக்கும் தனிக் கணக்கு. விலகிய அன்றே அது மூடப்பட வேண்டும்.

காப்புநகல் தினமும் எடுக்கப்படுகிறது என்று சொன்னால் போதாது. சர்வர் ஜோஹன்னஸ்பர்க்கில் என்றால் நகல் கேப் டவுனில் இருக்க வேண்டும், வேறொரு கணக்கில், மறையாக்கம் செய்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து வெற்றுக் கணினி ஒன்றில் தரவுத்தளத்தை எழுப்பி, பொருளாளர் தம்மிடம் உள்ள வங்கிக் கணக்கோடு மொத்தத் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சர்வர் பராமரிப்புக்குச் சம்பள ஆள் இல்லாத சங்கம் என்பதால், நிறுவனமே பராமரித்துத் தரும் போஸ்ட்கிரெஸ் சேவையை எடுங்கள். மாதம் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் இன்று ஆர்வத்தோடு வரும் பொறியியல் மாணவர் நாளை வேலை கிடைத்து ஊர் மாறும்போது, நிர்வாகக் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடாது. அந்தக் கடவுச்சொல் சங்கத்தின் பெயரில், குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும்.

தொடங்கும்போது எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்குங்கள், டர்பனிலிருந்து ஒரு மணி நேரத்தில் காரில் போய்ச் சேரலாம், சிக்கல் வந்தால் நேரில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஒரு முழு சந்தாக் காலம் ஓடட்டும். நடுவில் ஒருநாள் வேண்டுமென்றே இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு ரசீது போடச் சொல்லுங்கள், மறுபடி செருகியதும் டர்பனில் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு லெனேசியாவும் லாடியமும், கடைசியில் கேப் டவுனும் போர்ட் எலிசபெத்தும். ஒவ்வொரு கிளை மாறும் நாளிலும் அதன் பழைய எக்செல், ஆக்சஸ் கோப்புகளைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டிவிடுங்கள். பூட்டாமல் விட்டால் யாராவது ஒருவர் பழக்கத்தில் அதிலேயே எழுதிக்கொண்டிருப்பார்.